சுங்குடிப் புள்ளியும் சென்சார் தூசியும்

சின்னாளப்பட்டி சேலையால் பேர் பெற்ற ஊர். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், சிறுமலைக்கு மேற்கே சமவெளியில் இருக்கிறது. ஒரு காலத்தில் செயற்கைப் பட்டுச் சேலைக்கு இந்த ஊர் பேரே அடையாளமாக இருந்தது. இன்று சுங்குடிச் சேலை தயாராகும் முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையின் அழகு முழுவதும் சின்னஞ்சிறு புள்ளிகளில் இருக்கிறது. துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து அவிழ்த்தால் வரும் புள்ளிகள் அவை.

இப்போது சேலை வாங்குபவர் பலர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கைபேசியில் வரும் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அந்தப் படத்தில், சாயம் போடாத இடத்தில் மங்கிய சாம்பல் நிறப் பொட்டு ஒன்று தெரிந்தால் அதைக் கறை என்றே நினைப்பார்கள். நெய்தவரும் சாயம் தோய்த்தவரும் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார்கள். கேமராவின் சென்சார் மேல் உட்கார்ந்த தூசி, பழியைச் சேலை மேல் போட்டிருக்கும். ஆகவே சென்சாரைச் சுத்தமாக வைப்பது புகைப்படக்காரரின் தனிக் கவலையாக மட்டும் இந்த ஊரில் இருக்க முடியாது.

சென்சாரை வீட்டில் நாமே சுத்தம் செய்யலாமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் நெடுநாளாக உலவுகின்றன. தொடவே கூடாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. அதில் என்ன இருக்கிறது, துணியால் துடைத்தால் போயிற்று என்பது இன்னொன்று. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, சிறிய ஊர் ஒன்றில் கேமராவால் பிழைப்பவருக்கு எது பொருந்தும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூசி எங்கே உட்காருகிறது

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். சென்சார் சுத்தம் என்று நாம் சொன்னாலும், ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கன் தகட்டை யாரும் தொடுவதில்லை. அதற்கு முன்னால் கண்ணாடி அடுக்கு ஒன்று இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டியும், பல கேமராக்களில் நுண்கோடுகளை மென்மையாக்கும் வடிகட்டியும் அதில் சேர்ந்தவை. தூசி விழுவதும், நாம் சுத்தம் செய்வதும் அந்தக் கண்ணாடியின் மேல்தான். கண்ணாடி என்பதால் கவலையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அதன் மேல் மெல்லிய பூச்சுகள் உள்ளன. அவற்றில் கீறல் விழுந்தால் திரும்பாது, அடுக்கையே மாற்ற வேண்டி வரும்.

தூசி கண்ணாடியின் மேலும், ஒளி பதியும் தளம் அதற்குக் கொஞ்சம் பின்னாலும் இருப்பதால்தான் ஒரே தூசி சில படங்களில் தெரிகிறது, சில படங்களில் தெரிவதில்லை. இடைவெளியைக் கணக்குக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸிலிருந்து ஒரு புள்ளிக்கு வரும் ஒளி கூம்பாகக் குவிகிறது. எஃப் 2.8 அப்பர்ச்சரில் தூசி இருக்கும் உயரத்தில் அந்தக் கூம்பின் அகலம் சுமார் 0.36 மி.மீ. எஃப் 22இல் சுமார் 0.045 மி.மீ. மட்டுமே. 0.03 மி.மீ. அகலமுள்ள ஒரு துகள் முதல் நிலையில் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மறைப்பதில்லை. இரண்டாம் நிலையில் ஏறக்குறையப் பாதியை மறைத்துவிடுகிறது. மண்டபத்துக்குள் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்த படங்கள் மாசு மருவில்லாமல் இருப்பதும், மறுநாள் வெளியே வெயிலில் எடுத்தவற்றில் வானம் முழுக்கப் பொட்டுகள் தெரிவதும் இதனால்தான்.

இதிலிருந்து முதல் மருந்தும் கிடைக்கிறது. தட்டையாக விரித்த சேலையைப் படமெடுக்க எஃப் 16 தேவையில்லை. எஃப் 8 போதும். துணியின் கூர்மையும் அதில் நன்றாக இருக்கும், தூசியின் நிழலும் கரைந்துபோகும். ஒன்றையும் தொடாமலே தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த வழி எளிதில்லை. நொடிக்கு 25 பிரேம் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 என்று வைப்பது வழக்கம். ஐஎஸ்ஓ 100இல், உச்சி வெயிலில், அந்த வேகத்துக்கு எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். ஆத்தூர் காமராசர் அணைக்கரையில் கல்யாண ஜோடியை வைத்து வீடியோ எடுப்பவரின் சட்டகத்தில் தூசி எல்லாம் வரிசையாகத் தெரியும். நிழற்படத்தில் பொட்டை மென்பொருளால் அழித்துவிடலாம். ஓடும் படத்தில் பொட்டு அசையாமல் நிற்க, காட்சி அதன் பின்னால் நகர்கிறது. அதை அழிப்பது பெரும் வேலை. ஒளியைக் குறைக்கும் என்டி பில்டர் ஒன்றை லென்ஸின் முன்னால் மாட்டினால் அப்பர்ச்சரை எஃப் 4, எஃப் 5.6 என்று திறந்து வைக்கலாம். சென்சார் சுத்தத்துக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழிப்பது நல்லது.

ஊரின் காற்று

சென்சாருக்கு வரும் தூசி எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை. தறியும் சாயப்பட்டறையும் உள்ள ஊரில் காற்றில் பருத்திப் பிசிர் மிதக்கிறது. பாவு ஓட்டும் இடத்திலும், தார் சுற்றும் இடத்திலும், கஞ்சி போட்ட துணியை உதறும் இடத்திலும் அது கூடுதலாக இருக்கும். பருத்தி இழை ஒன்றின் தடிமன் 0.01 முதல் 0.02 மி.மீ. அளவு. 24 மெகாபிக்சல் முழுச் சட்டகச் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. ஆக, ஒரு பிசிரின் தடிமனே இரண்டு மூன்று பிக்சல் அளவு; படத்தில் அது நெளிந்த கோடாகப் பதியும். வட்டப் பொட்டு பொதுவாக மண் துகளையோ மகரந்தத்தையோ காட்டும். நெளிகோடு தெரிந்தால் அது இழைதான். காய்ந்த இழை கண்ணாடியில் ஒட்டுவதில்லை, சும்மா கிடக்கும், காற்றடித்தால் பெரும்பாலும் போய்விடும். நெசவு ஊருக்கு இது நல்ல செய்தி.

கல்யாண வீட்டுத் தூசி இதைவிடப் பிடிவாதமானது. ஓமப் புகையிலும் சாம்பிராணிப் புகையிலும் பிசுக்கு உண்டு. அட்சதையில் மஞ்சள் பொடி உண்டு. வாசலில் வெடிக்கும் காகிதத் தூள் உண்டு. அவசரத்தில் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றினால் இவையெல்லாம் பாடிக்குள் போகும். பிசுக்கோடு சேர்ந்த துகள் காற்றுக்கு அசையாது.

நாட்காட்டியும் இதில் கணக்கில் வர வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, புகைப்படக்காரருக்கு ஓய்வு. அந்த ஓய்வில்தான் கேமராவைத் திறந்து சுத்தம் செய்யத் தோன்றும். ஆனால் மேற்கிலிருந்து ஆடிக் காற்று மண்ணை வாரி வீசும் காலம் அது. சென்சாரைத் திறக்க அதைவிட மோசமான மாதம் இல்லை. மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண் அடங்கியிருக்கும், காலையில் பனி இறங்கும், காற்றில் புழுதி குறைவு. வருடத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம் செய்ய நினைப்பவருக்கு மார்கழிக் காலையே ஏற்ற வேளை. தை முகூர்த்தங்களுக்குக் கேமரா தயாராகவும் இருக்கும்.

நிறுவனங்கள் செய்ததும் தவறியதும்

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் முன்னால் வந்தது, ஒரு தூசி ஒரு படத்தோடு போய்விட்டது. டிஜிட்டல் கேமராவில் அதே தளம் ஆயிரக்கணக்கான படங்களுக்கு அங்கேயே இருக்கிறது. தூசியும் அதோடு இருக்கிறது.

இதற்கு முதல் பதில் 2003இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவோடு வந்தது. சென்சாரின் முன்னால் மெல்லிய தகடு ஒன்றைக் காதுக்குக் கேளாத வேகத்தில் அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு அது. 2006இல் கேனன் 400டி, சோனி ஏ100, பென்டாக்ஸ் கே10டி ஆகியவை தத்தம் வழியில் இதையே செய்தன. 2007இல் நிக்கான் டி300 சேர்ந்துகொண்டது. இன்று லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. உலர்ந்த துகளை இது உதறும். பிசுக்கையும், காய்ந்த நீர்த்துளியையும், எண்ணெயையும் இது ஒன்றும் செய்யாது.

தூசி வெளியிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. 2012இல் வந்த நிக்கான் டி600 கேமராவில் படத்தின் மேல் இடது மூலையில் பொட்டுகள் கூடிக்கொண்டே போவதாக உலகெங்கும் புகார் எழுந்தது. ஷட்டர் பகுதியிலிருந்து துகளும் எண்ணெயும் தெறிப்பதே காரணம் என்று பலரும் கண்டார்கள். 2013 பிப்ரவரியில் நிறுவனம் சர்வீஸ் அறிவிப்பு வெளியிட்டது, அக்டோபரில் டி610 வந்தது. 2014இல், உத்தரவாதம் முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. புதிய கேமராவில் ஒரே மூலையில் பொட்டுகள் திரும்பத் திரும்ப வந்தால் அதை வீட்டில் துடைத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பது இதில் கிடைத்த பாடம். அது தயாரிப்பாளரின் பொறுப்பு.

மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் நிலைமை மறுபடி மாறியது. லென்ஸைக் கழற்றினால் முன்னால் மிரரும் இல்லை, மூடிய ஷட்டரும் இல்லை, சென்சார் நேரே காற்றைப் பார்க்கிறது. 2018இல் கேனன் இஓஎஸ் ஆர், சுவிட்சை அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. 2021இல் வந்த நிக்கான் இசட்9இல் இயந்திர ஷட்டரே கிடையாது, சென்சாரை மறைக்கத் தனி மூடி வைத்தார்கள். உங்கள் கேமராவில் இந்த வசதி இருக்கிறதா, இருந்தால் மெனுவில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

முதலில் சோதனை

பொட்டு எங்கே, எத்தனை, என்ன வடிவம் என்று தெரியாமல் சென்சாரைத் திறக்கக் கூடாது. ஐஎஸ்ஓவை மிகக் குறைவாக வையுங்கள். அப்பர்ச்சர் எஃப் 16 அல்லது எஃப் 22. போகஸைக் கையால் மாற்றி முழுக்க மங்கலாக்குங்கள். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுங்கள். ஷட்டர் மெதுவாக இருந்தால் கேமராவைக் கொஞ்சம் அசைத்தே எடுங்கள். சுவரின் கறை கலைந்துபோகும், சென்சாரின் தூசி மட்டும் அசையாமல் பதியும். படத்தைக் கணினியில் முழு அளவில் பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள்.

சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால் இடத்தைக் கண்டுபிடிப்பதில் பலருக்குக் குழப்பம் வருகிறது. கேமராவை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் மாட்டும் வாய் வழியாக நேரே பார்த்தால் மேலும் கீழும் மட்டுமே மாறியிருக்கும். இடமும் வலமும் மாறாது. படத்தின் மேல் இடது மூலையில் உள்ள பொட்டு, பார்ப்பவரின் கண்ணுக்குக் கீழ் இடது மூலையில் இருக்கும்.

எஃப் 22இல் மட்டும் மங்கலாகத் தெரிகிற இரண்டு மூன்று பொட்டுகள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். தூசியே இல்லாத சென்சார் உலகில் கிடையாது. நீங்கள் வழக்கமாக எடுக்கும் அப்பர்ச்சரில் தெரிந்தால்தான் வேலை இருக்கிறது.

மூன்று படிகள்

வீட்டுச் சுத்தம் என்பது மூன்று படி. கீழ்ப்படியில் வேலை முடிந்தால் மேலே ஏறவே கூடாது.

முதல் படி காற்று. கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயர் போதும். அதன் வாய்க்குள் தூசி இல்லாதபடி முதலில் வெளியே நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். மிரர் உள்ள கேமராவில் வேலை நடுவே மின்சாரம் தீர்ந்தால் மிரர் விழுந்து ஷட்டர் மூடிவிடும். மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் என்ற முறையில் மட்டுமே திறக்க வேண்டும். பல்பு முறையில் ஷட்டரைத் திறந்து வைத்து வேலை செய்யும் பழைய வழக்கம் ஆபத்தானது. விரல் நழுவினால் ஷட்டர் இதழ்கள் துடைக்கும் குச்சியான ஸ்வாபின் மேல் மூடிக்கொள்ளும். கேமராவின் வாயைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்து, ப்ளோயரின் நுனி உள்ளே போகாமல் ஊதுங்கள். அசைந்த தூசி கீழே விழ வழி இருக்க வேண்டும். ஊதியபின் மறுபடி சோதனைப் படம். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி உலர்ந்த தொடுகை. நுனியில் ஒட்டும் பசை உள்ள குச்சிகள் இதற்கென்றே கிடைக்கின்றன. துகள் இருக்கும் இடத்தில் மெல்ல வைத்து எடுத்தால் துகள் அதோடு வந்துவிடும். நுனியை உடனே அதற்கான ஒட்டுத்தாளில் வைத்துச் சுத்தம் செய்துவிட்டே மறுபடி தொட வேண்டும். தேய்க்கும் வேலை இதில் இல்லாததால் கீறலுக்கான வாய்ப்பு குறைவு. சென்சாருக்கென்று செய்த பிரஷ்களும் உண்டு. ஆனால் சென்சாரைச் சுற்றியுள்ள பகுதியில் பட்டால் பிரஷ் எண்ணெயை வாங்கிக்கொண்டு கண்ணாடி முழுக்கப் பூசிவிடும். அதனால் பழக்கமில்லாதவருக்குக் குச்சியே மேல்.

மூன்றாம் படி ஈரம். பிசுக்குக்கும் எண்ணெய்க்கும் இதுதான் வழி. சென்சார் அகலத்துக்கு ஏற்ற ஸ்வாப் வேண்டும். 36க்கு 24 மி.மீ. முழுச் சட்டகத்துக்கு 24 மி.மீ. அகலம், சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகலம். அதற்கான திரவம் இரண்டு மூன்று சொட்டு, அவ்வளவுதான். சொட்டு ஓடும் அளவுக்கு நனைத்தால் ஓரத்தில் இறங்கிவிடும். சில நொடி பொறுத்து, ஸ்வாபின் தண்டு லேசாக வளையும் அழுத்தத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே இழுப்பு. திருப்பி, ஸ்வாபின் மறுபக்கத்தால் ஒரு இழுப்பு. பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரே ஸ்வாபை இரண்டாம் முறை ஓட்டினால், முதல் முறை எடுத்த மண் துகளையே கண்ணாடியில் தேய்ப்போம். சென்சார் அசைந்து நடுக்கத்தைக் குறைக்கும் கேமராக்களில் சென்சார் மிதக்கும் அமைப்பில் நிற்கிறது. அங்கே அழுத்தத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

புகழ்பெற்ற சில சுத்தத் திரவங்கள் மெத்தனாலால் ஆனவை. அது சுவடில்லாமல் ஆவியாகிவிடும், அதனால் வேலைக்குச் சிறந்தது. ஆனால் அது கொடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றும். மெத்தனால் கலந்த சாராயம் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் தமிழகமே கண்டது. குழந்தைகள் கைக்கு எட்டாமல், அடுப்படிக்கு வெளியே, பெயர் எழுதி வையுங்கள். பயன்படுத்தும்போது ஜன்னலைத் திறக்க முடியாது என்பதால் சொட்டுக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது.

எந்தப் படியானாலும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தறி உள்ள வீட்டில் தறிக்கூடமும், அதை ஒட்டிய அறையும் ஆகாது. மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத் துணியால் துடைத்து, கால் மணி நேரம் யாரும் நடமாடாமல் விட்ட அறை நல்லது. உடுப்பிலும் பிசிர் இருக்கும், கையில்லாத பனியனோடு உட்காருங்கள்.

கையில் கிடைப்பதெல்லாம் ஆகாது

சேதம் நேர்வது பெரும்பாலும் தூசியால் நேர்வதில்லை, கையில் கிடைத்ததை எடுத்துத் துடைப்பதால் நேர்கிறது. வாயால் ஊதினால் எச்சில் தெறித்துக் கறையாகும். காது குடையும் பஞ்சுக்குச்சி இழையை விட்டுவிட்டு வரும். கண்ணாடி துடைக்கும் துணி கைப்பிசுக்கைப் பூசும். டயர்க் கடைக் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று சில வேளை திரவமாகவே பீய்ச்சும். கொரோனாவுக்குப் பின் எல்லார் வீட்டிலும் உள்ள சானிடைசரில் ஆல்கஹால்தானே என்று நினைப்பவர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன சானிடைசர் கலவையிலேயே 1.45 விழுக்காடு கிளிசரால் இருக்கிறது. கையை அது காக்கும், சென்சாரில் படலமாகத் தங்கிவிடும்.

எங்கே நிறுத்துவது

கேனன், நிக்கான் ஆகியவற்றின் கையேடுகள் பயனர் தாமே செய்யக்கூடியதாக ப்ளோயரை மட்டுமே சொல்கின்றன. அதற்கு மேல் போவதைச் சர்வீஸ் சென்டரிடம் விடச் சொல்கின்றன. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. யார் வீட்டில், எந்தக் கையால், எதைக் கொண்டு துடைக்கிறார்கள் என்று அவர்களால் கணிக்க முடியாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள கேமராவுக்கு அந்த அறிவுரையை அப்படியே கேட்பதே சரி.

உத்தரவாதம் முடிந்த கேமராவை வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொட்டைக் கண்டவரின் நிலை வேறு. பெரிய நகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க அவருக்கு நாள் இல்லை. வாடகைக் கேமராவுக்குக் காசு வேண்டும். அவருக்கு மூன்றாம் படி வரை தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தறிக்காரர் அறுந்த இழையைப் பிணைக்கவும் விழுதைச் சரிசெய்யவும் யாரையும் கூப்பிடுவதில்லை. தறி முறிந்தால்தான் தச்சரைத் தேடுகிறார். கேமராவுக்கும் அந்த அளவுக் கைத்தேர்ச்சி உரியவரிடம் இருக்க வேண்டும்.

எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு ஸ்வாப் ஓட்டியபின்னும் ஒரு பொட்டு வடிவமும் இடமும் மாறாமல் நின்றால், அது கண்ணாடிக்கு உள்ளே இருக்கலாம், அல்லது கீறலாக இருக்கலாம். மூன்றாவது ஸ்வாபை எடுக்காதீர்கள். கடலோரத்தில் உப்பு நீர் தெறித்திருந்தாலும், பூஞ்சை தெரிந்தாலும், ஷட்டர் இதழ் வளைந்திருந்தாலும் வீட்டில் வேலை கிடையாது. அடுத்த நாள் கல்யாணம் என்றாலும் முதல்முறையாக ஈரச் சுத்தம் பழக அந்த இரவு ஏற்றதில்லை. ஊதிவிட்டு, அப்பர்ச்சரைத் திறந்து எடுத்து முடியுங்கள்.

லென்ஸ் மாற்றும் பழக்கத்தைத் திருத்தினால் இந்தப் படிகள் எல்லாமே அரிதாகத் தேவைப்படும். கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மாட்ட வேண்டிய லென்ஸைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். லென்ஸின் பின்மூடியையும் கேமராவின் மூடியையும் பையின் அடியில் வீசாமல் ஒன்றோடு ஒன்று சேர்த்து மாட்டி வையுங்கள். சென்சாருக்குப் போகும் தூசியில் நிறைய அந்த மூடிகளின் உட்புறத்திலிருந்தே போகிறது.

சின்னாளப்பட்டி போன்ற ஊருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்வாப், திரவம், ஒட்டுக்குச்சி, சென்சாரைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஸ்டூடியோ வாங்குவது வீண் செலவு. வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே தேவைப்படும் பொருள்கள் அவை. கூட்டுறவுச் சங்கம் வைத்து நூலும் விற்பனையும் நடத்திப் பழகிய ஊர் இது. ஊர்ப் புகைப்படக்காரர்கள் பணம் போட்டு ஒரு பெட்டி வாங்கலாம். மார்கழியில் ஒரு காலை கூடி, கை பழகியவர் மற்றவருக்குக் காட்டித் தரலாம். முதல் பயிற்சியை உடைந்துபோன பழைய கேமராவில் செய்யலாம். சேலையைப் படமெடுத்து விற்கும் வீடுகளையும் அதற்கு அழைக்க வேண்டும். எஃப் 8 போதும் என்ற ஒரு செய்தி மட்டும் அவர்களைச் சேர்ந்தாலே, செய்யாத கறைக்குப் பொறுப்பேற்கும் நிலை பல நெசவாளர்களுக்கு நீங்கும்.